முதுகுக் கொக்கி

குரங்கணிக்கு மேலே, ஏலக்காட்டு நடுவில் இருந்த வெள்ளைக்காரன் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போடியிலிருந்து தையல்காரன் காசிமாயன் ஜீப்பு ஏறினான். பழைய துணி எதுவானாலும் எடுத்துக்கொள் என்றார்கள். அங்கே மூலையில் கிடந்த ஓர் இரும்புப் பெட்டியைத் திறந்தான். ஊறிப்போன வேர்வை நாற்றம் அடித்தது.

உள்ளே ஒரு துரைசாணி கவுன். லேஸ் பின்னலும் மெல்லிய மல் துணியுமாக, முன்பக்கம் புறா நெஞ்சு போலப் பொங்கி நின்றது. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்பார்களே, அதேதான். புரட்டினால் உடம்போடு ஒட்டத் தைத்த உள்சட்டை. தையல்தோறும் எலும்புக் குச்சிகள். இடுப்பை இறுக்கத் தனியாக ஒரு பட்டி. கழுத்து குனியாமலிருக்கக் காலருக்குள்ளும் குச்சி. வேர்வை வெளியே ஊறாமலிருக்க அக்குளில் வைத்துத் தைத்த ரப்பர் துண்டுகள் மஞ்சளாகிப் பிசுபிசுத்தன. கொக்கிகள் எல்லாம் முதுகில். பின்னால் ஒருத்தி நின்று மாட்டாமல் போடவே முடியாது. இதற்குள் நின்றுகொண்டு ஒருத்தி விருந்தாளிகளோடு சாயங்கால டீ குடித்திருப்பாள். சீ!

வீட்டில் அவன் மனைவி சுருளியம்மாள் நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டுமே என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கொண்டுவந்த கவுனின் உள்சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“பூவாட்டம் இருக்கு. பச்சப்பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாதுங்க. இதப் பிரிச்சுக் குடுங்க.”

“நாத்தம் கொடலப் புடுங்குது புள்ள.”

“சோடா போட்டு அவிச்சா எல்லாம் போயிரும்.”

பழசா என்று பார்த்தார்களே தவிர, யார் உடுத்தியது என்று இருவருமே கேட்கவில்லை.

எலும்பு, கொக்கி எல்லாவற்றையும் பிரித்தெறிந்து, துணியை அவித்துக் கொடுத்தான். பெண் பிறந்தது. அந்தத் துணியில்தான் சுற்றினார்கள்.

ஒரு சாயங்காலம், டீ குடிக்கிற நேரம். பிள்ளை மூச்சுக்குத் திணறியது.

துணியை உருவினான்.

பிஞ்சு முதுகில், கழுத்திலிருந்து இடுப்புவரை, கொக்கி பதிந்த தடம்.

இடுப்பைச் சுற்றிப் பட்டித் தடம்.

அக்குளில் ஈரம். அதே நாற்றம்.

பால்மணம் மாறாத உடம்பில் யாரோ ஒருத்தியின் வேர்வை! அவனுக்கு வாந்தியே வந்துவிட்டது. பெற்ற பிள்ளையிடம் அருவருப்பா என்று அழுகையும் வந்தது.

போடிச் சந்தைக்கு வந்திருந்த பங்களாக் காவல்காரர் மொக்கச்சாமியைத் தேடி ஓடினான்.

“அதையா எடுத்துட்டுப் போன அப்பு?” அவர் குரல் தணிந்தது. “சாயங்காலம் டீ குடிக்க விருந்தாளுக வர்றாகன்னு துரைசாணி, துணி மாட்டிவிடுற ஆயாகிட்ட ‘இறுக்கு, இன்னும் இறுக்கு’ன்னுச்சாம். கடைசிக் கொக்கி மாட்டுறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. பொணத்துல இருந்து உருவின துணிப்பா அது. வெரசாப் போயி எரி.”

எரித்தான். மயிர் கருகுவது போல நாறியது. பிள்ளையின் மூச்சு சீரானது. சுருளியம்மாள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, உச்சி முகர்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் காசிமாயன் அவளுக்கு டீ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

பிள்ளை வெற்றுடம்பாகக் குப்புறக் கிடந்தது. குப்புற விழுகிற வயதே இல்லை.

பக்கத்தில் சுருளியம்மாள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் மட்டும் பிள்ளையின் வெறும் முதுகில், மேலிருந்து கீழாக, எதையோ இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டிருந்தன.