பதினான்காவது நிமிடம்

அவளுடைய நாற்காலியில் வேறு யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

மழையில் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டே டயாலிசிஸ் அறைக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஜன்னலோரம், நான்காம் எண்... பதினோரு மாதமாக அது அவள் இடம். வாரத்தில் மூன்று காலை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இந்த வியாதி வந்த பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அந்த ஜன்னல் ஒன்றைத்தான்.

இப்போது அதில் ஒருவன். நெடுநெடுவென்று உயரம். கறுப்புச் சட்டை. தலையில் தொப்பி மாதிரி ஒரு பெரிய ஹெட்ஃபோன். இடது கையில் ஊசி ஏற்றியாகிவிட்டது. குழாய் வழியே அவன் இரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. இனி எழுப்பவும் முடியாது.

“மத்தியான ஷிஃப்ட்ல இருந்து மாத்தியிருக்காங்கம்மா” என்றார் பெரிய சிஸ்டர். “இன்னைக்கு மட்டும் அஞ்சுல உக்காரு.”

ஐந்தில் உட்கார்ந்தாள். ஊசி ஏறியது. கண்ணை மூடினால்... பக்கத்திலிருந்து சத்தம் கசிந்தது. தடதடவென்று ஏதோ சரிந்தது. அதற்குள்ளே யாரோ அலறினார்கள்.

“கொஞ்சம் குறைச்சு வைக்கிறீங்களா?”

அவன் ஒரு காதை மட்டும் விலக்கினான். “என்னது?”

“உங்க காதுக்குள்ள யாரோ தகரக் கொட்டகையைப் பிரிக்கிறாங்க. இங்க வரைக்கும் கேக்குது.”

“கொட்டகை இல்லீங்க. பாட்டு.”

“பாட்டா... யாருக்கு வயித்துவலி?”

“மூணு பேருக்கு” என்றான் அவன், சிரிக்காமல். “அதுல ஒருத்தன் நான்.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களைப் பார்ப்பாள். எல்லாம் அவளுக்கு வெறும் எண்கள். இந்தக் கண்களுக்கு எண் தோன்றவில்லை. இமை வீங்கி, தூக்கம் கெட்டு, எதையும் எதிர்பார்க்காத பழுப்புக் கண்கள்... தன் கண்ணாடியில் தினமும் பார்க்கிற கண்கள் மாதிரி. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

“மழையைப் பாக்காதீங்க” என்றான். “தாகம் எடுக்கும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் அவளுக்கு அனுமதி. மழை பெய்தால் நாக்கு வறளும் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னாலும் யாருக்குப் புரியும்?

மறு தடவை வந்தபோது நான்காம் நாற்காலி காலியாக இருந்தது. அவன் ஐந்தில் உட்கார்ந்து, தகரக் கொட்டகையைப் பாதிச் சத்தத்தில் பிரித்துக்கொண்டிருந்தான். சிஸ்டர்கள் எல்லோரும் அவனை ‘இடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள்.

* * *

அவள் பாட்டுக் கேட்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது.

இருபத்தைந்து வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. கல்யாணம் பேசி முடித்திருந்தவன் ஒரு மாதம் பொறுத்தான். பிறகு அவன் அம்மா மட்டும் போனில் பேசினார். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. தன் சிறுநீரகம் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். மூன்று வருடம் அது அவளுக்குள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அண்ணன் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவளை ஆஸ்பத்திரியில் விட்டு, மறுபடி வந்து கூட்டிப் போவான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் சட்டையைக் கழற்றும்போது தெரியும் அந்தத் தழும்பைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும், கொடுத்ததை வைத்துக் காப்பாற்றத் தெரியாதவள் நான் என்று தோன்றும். ரேடியோவில் ஒரு காதல் பாட்டு வந்தால் எழுந்து போய்விடுவாள். அந்தப் பாட்டுகளிலெல்லாம் நாளை என்று ஒன்று இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கடைசி மணி நேரத்தில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. டயாலிசிஸில் தண்ணீரை அதிகம் இழுத்தால் அப்படி வரும். எலும்பை யாரோ பிழிவது போல... பல்லைக் கடித்தாள். கத்தக் கூடாது. சுற்றிலும் எல்லோரும் நோயாளிகள். சிஸ்டர் காலை நீவிக்கொண்டே உப்புநீர் ஏற்றினார். அப்போது ஊசி இல்லாத வலது கையை நீட்டி, இடி தன் ஹெட்ஃபோனை எடுத்து அவள் தலையில் மாட்டினான்.

ஒரு அடி.

பிறகு ஒன்றுமில்லை. கிட்டாரின் ஒற்றை நாதம் மட்டும் நீண்டு, கரகரத்து, தரைக்கு அடியில் ஏதோ புரண்டு படுப்பது போல... எப்போது வரும் என்று தெரியாத நேரத்தில் அடுத்த அடி. வலி அந்த அடியோடு வந்து அந்த அடியோடு இறங்கியது. அப்புறம் அந்தக் குரல். அவள் கத்த வேண்டியதை யாரோ ஒருவன் அவளுக்காக, தாளம் தப்பாமல் கத்திக்கொண்டிருந்தான். ஆறுதல் சொல்லவில்லை. பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை.

காலின் பிடிப்பு விட்டபோது அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

“யாரு அது, கத்துறது?”

“ரொட்டிக் கம்பெனி வேன் டிரைவர். எங்க பேண்ட்தான். ரொம்ப சாது. எறும்பை மிதிச்சா ரெண்டு நாள் வருத்தப்படுவான்.”

“நீங்க இதுல எங்க இருக்கீங்க?”

“அடியில. பேஸ் கிட்டார். நான் இருக்கிறது யாருக்கும் தெரியாது. இல்லைன்னா தெரியும்.”

வாசித்ததைப்பற்றித்தான் சொன்னான், வாசிப்பதைப்பற்றி அல்ல. டயாலிசிஸுக்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த பிறகு, விரல்களுக்கு இரத்தம் சரியாகப் போவதில்லை. தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தன. கம்பியை அழுத்த அந்த விரல்களால் ஆகாது. ஒன்றரை வருடமாகிறது.

* * *

அதன் பிறகு அவளே கேட்டாள். “இன்னைக்கு என்ன இடிக்கப் போறீங்க?”

எல்லாம் உடனே பிடித்துவிடவில்லை. இரண்டு காலாலும் டிரம்ஸ் அடிக்கிற வேகப் பாட்டு ஒன்று அவளுக்குத் தலைவலியாக இருந்தது. “எல்லாத்தையும் ஒண்ணா கேக்காத” என்றான். ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருக்குமே தெரியவில்லை. “முதல் தடவை கால் அடிக்கிறதை மட்டும் கேளு. அடுத்த தடவை கையை. குரலைக் கடைசில வச்சுக்க. அவன் எங்கயும் போக மாட்டான், அங்கதான் கத்திக்கிட்டிருப்பான்.” இன்னொரு பாட்டில் அடிகளை ஏழு ஏழாக எண்ணச் சொன்னான். எட்டாவது அடி வரும் என்று உடம்பு காத்திருக்கும், வராது. முதல் வாரம் தடுக்கி விழுந்தாள். இரண்டாம் வாரம் அந்தக் குழி இருக்கும் இடம் தெரிந்துபோயிற்று.

ஒருநாள், லிஃப்ட் மோட்டார் ஓடும் சத்தத்தையும் கிட்டார் இரைச்சலையும் கலந்து யாரோ செய்த நாற்பது நிமிடம்.

“இதுல ஏதாவது நடக்குமா?”

“நடக்காது.”

“இது எங்க கடையில லென்ஸ் தேய்க்கிற மெஷின். இதுக்குப் போய்...”

“அப்ப நாளைக்கு அந்த மெஷினைக் கொஞ்சம் கேட்டுப் பாரேன்.”

கேட்டாள். நான்கு வருடமாகப் பக்கத்திலேயே நின்றவள் அன்றுதான் கேட்டாள். கண்ணாடி தேயத் தேய அந்தச் சத்தம் மெலிந்துகொண்டே மேலே ஏறியது; விளிம்பு வந்ததும் ஒரு பெருமூச்சு போல இறங்கியது. வாசலில் வாடிக்கையாளர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

“அடியை விடு, அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்கிறதைக் கேளு” என்று இன்னொரு நாள் சொன்னான். “வாசிக்கிறவன் அங்கதான் மூச்சு விடுவான். பொய் சொன்னா அங்கதான் மாட்டுவான்.”

சின்ன இயர்போன் ஒன்றை ஆளுக்கொரு காதில் மாட்டி அவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த போதுதான் அண்ணன் சீக்கிரமாக வந்துவிட்டான். கதவருகே நின்று பார்த்தான். தங்கை சிரிப்பதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்...

பஸ்ஸில் இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டான்.

“அந்தப் பையனுக்கும் கிட்னி இல்லையாம்மா?”

“அங்க வர்ற எல்லாருக்கும் அதானே அண்ணா.”

“ரெண்டு நொண்டி கையைக் கோத்துக்கிட்டா ஓட முடியாதும்மா. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தரும் சேர்ந்துதான் விழணும். அவன் ஒருநாள் வரலைன்னா... அதை நீ தாங்குவியா? நான் மறுபடி உன்னை அப்படிப் பாக்கணுமா?”

அவனுடைய சிறுநீரகம் ஒன்று அவளுக்குள் இருந்து செத்திருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டாத ஒருவனிடம் என்ன வாதம் செய்வது? அடுத்த தடவையே சிஸ்டரிடம் மத்தியான ஷிஃப்ட் கேட்டாள்.

“அண்ணன் சொல்றார்” என்றாள் இடியிடம்.

“சரியாத்தான் சொல்றார். அவர் இடத்துல நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்.”

ஏன் என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அவன் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். மீதி இரண்டு மணி நேரமும் அதிலிருந்து எந்தச் சத்தமும் கசியவில்லை. அவன் எதையுமே ஓடவிடவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

* * *

மூன்று வாரம்.

மத்தியானத்தில் அந்த ஜன்னல் வழியே வெயில்தான் வந்தது. அவன் கொடுத்த பாட்டுகளைத் தனியாகக் கேட்டாள். இரண்டாவது காது காலியாக இருப்பது போலவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, கடையில் இருந்தபோது போனுக்கு ஒரு ஒலிப்பதிவு வந்தது. அவனிடமிருந்து. கூட ஒரு எழுத்துகூட இல்லை. இருபத்திரண்டு நிமிடம்.

லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பேஸ் கிட்டார் மட்டும். ஒரே கம்பி. ஒரே நாதம்... அழுத்த விரல் இல்லாதவன் அழுத்தாமலே வாசிக்கக் கூடிய ஒன்று. அடி. அது தேய்ந்து, கரைந்து, அறையின் சுவரைத் தொட்டு அடங்கும் வரை காத்திருப்பு. மறுபடி அடி. ஒன்றரை வருடம் கழித்து வாசித்திருக்கிறான் என்று முதலில் நெஞ்சு நிறைந்தது. பிறகு, அவன் சொல்லிக் கொடுத்தபடி, நடுவில் இருப்பதைக் கேட்டாள். மூச்சு. ஏழாவது நிமிடத்தில் அது சீராக இல்லை. பத்தாவதில் இளைத்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. பதினான்காவது நிமிடத்தில் அடுத்த அடி வரவில்லை.

அவள் எண்ணினாள். ஏழு... எட்டு... ஒன்பது... பதினொன்று.

அடி வந்தது. அதற்குப் பிறகு எட்டு நிமிடமும் வந்தது. ஆனால் அந்தப் பதினொன்று அவளை விடவில்லை. சிஸ்டருக்குப் போன் செய்தாள்.

“இடி ரெண்டு தடவையா வரலம்மா” என்றார் சிஸ்டர். “போனும் எடுக்க மாட்டேங்குறான். இதயம் பலவீனமா இருக்குன்னு மாற்று சிறுநீரகப் பட்டியல்ல இருந்து அவன் பேரை எடுத்துட்டாங்க. அன்னையில இருந்துதான். உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்...”

இடியின் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில், மழைக்குள் காலி பஸ்ஸோடு கடை வாசலுக்கு வந்தான்.

“நீ குடுத்ததை நான் தொலைச்சுட்டேன் அண்ணா. அதனால நீ சொன்னது எதுக்கும் நான் மறுபேச்சு பேசினதில்ல.”

“தொலைச்சது நீ இல்லம்மா. என்ன பேச்சு இது...”

“இன்னைக்கு மறுத்துப் பேசணும். அவன் விழுந்துட்டான். நான் எங்க இருந்தாலும் சேர்ந்துதான் விழறேன். அதுக்குப் பக்கத்துல இருந்தே விழறேனே.”

அண்ணன் ஸ்டீயரிங்கையே பார்த்தான். பிறகு, “வீடு எங்க?” என்றான்.

* * *

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவு சாத்தியிருக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கி, அந்தக் கண்கள் இரண்டு கீறலாகியிருந்தன.

“கேட்டியா?”

“பதினாலாவது நிமிஷத்துல நிறுத்திட்ட. பதினொரு செகண்டு. அப்புறம் ஏன் அடிச்ச?”

 அவனுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

“நிறுத்திடலாம்னுதான்... இருந்தேன். நீ கேட்டுக்கிட்டிருப்பேன்னு தோணிச்சு. பாதில விட்டா... நீ எண்ணிக்கிட்டே உக்காந்திருப்ப.”

எல்லாம் சரியாகிவிடும் என்ற சொல் அவள் வாய் வரை வந்தது. விழுங்கினாள்.

“சரியாகாது. எனக்குத் தெரியும். எனக்கும் ஆகாது. அதைச் சொல்ல நான் வரல.”

“பின்ன?”

“உன்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்ல வந்தேன். எவ்வளவு நாளைக்குன்னு கேக்காத. இருக்கிற வரைக்கும் ஊசி ஏத்திக்கிட்டு என் பக்கத்துல உக்காரு. வேற எதுவும் நான் கேக்கல.”

படியில் காலடி கேட்டது. அண்ணன் உள்ளே வந்தான், அவனைப் பார்த்தான், குனிந்து தன் தோளைக் கொடுத்தான். “கையைப் போடுங்க தம்பி. மழைக்குப் படி வழுக்கும்.”

பிள்ளைகளுக்கான இருக்கையில் அவனுடைய நீண்ட கால்கள் அடங்கவில்லை. பக்கவாட்டில் உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் அவள் பிடித்துக்கொண்டாள். பஸ் கூரையில் மழை கொட்டியது. அவன் உதடு அசைந்தது.

“பேசாத. மூச்சு வாங்குது.”

“சொல்லிடறேன்...” சில்லிட்ட விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடின. “அப்புறம் சொல்லலாம்னு தள்ளிவைக்க... எனக்கு அப்புறம் இல்ல.”

அவன் சொன்னான். இஞ்சின் சத்தத்திலும் மழையிலும் அண்ணனுக்கு அது கேட்டிருக்காது. அவள் காதை அவன் வாயருகே வைத்திருந்தாள். இரைச்சலுக்கு அடியில் இருப்பதைக் கேட்க இப்போது அவளுக்குத் தெரியும்.

“உன்னை விட்டுட்டுப் போக... மனசே வரல.”