ஐந்தாம் நாள் பிடுங்கிய கல்

ஸ்ரீவர்தன் அந்தத் தண்ணீரைத் தொடவே இல்லை. ஆனாலும் தம்ளர் காலியாக இருந்தது.

அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. விளிம்பில் உதடு பட்ட தடம் இல்லை. கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தது போல் இருந்தது. அரைத் தூக்கத்தில் தானே குடித்திருப்போம் என்று நினைத்துக்கொண்டான். ஐந்து நாட்களாகச் சரியாகத் தூங்காதவன் எதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்?

சென்னை விமான நிலையத்தின் முதல் வகுப்பு ஓய்வறைக்குள் நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக வந்திருக்கிறான். மறுநாள் காலை சிங்கப்பூரில் அவன் இல்லாமல் நடக்காது என்று சொல்லப்பட்ட கூட்டம் ஒன்று இருந்தது. வேறு இருக்கை கிடைக்காததால் கம்பெனி முதல் வகுப்பிலேயே டிக்கெட் எடுத்துவிட்டது. மே மாத வெயில் தடித்த திரைக்கு வெளியிலேயே நின்றுவிட, உள்ளே ஏ.சி.யின் முனகலும் காப்பி மெஷினின் வாசனையும் இடுப்புவரை விழுங்கும் தோல் சோபாவும் யாரும் தொடாத கேக்குகளுமாக, பகலா ராத்திரியா என்றே தெரியாத ஒரு குளிர்ச்சி. எதிர் மூலையில் கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். அம்மா பார்த்திருந்தால், "இத்தனையும் ஓசியாடா?" என்று கேட்டிருப்பாள். 

"இன்னும் தண்ணி தரட்டுங்களா சார்?" பணிப்பெண்ணின் சட்டையில் ஏஞ்சல் என்று பெயர் குத்தியிருந்தது. அவள் அவனுடைய மொட்டைத் தலையைப் பார்த்தாள். "திருப்பதி போயிட்டு வர்றீங்களா?"

"இல்லைம்மா. எங்கம்மா தவறிட்டா. காஞ்சிபுரத்துல."

"அய்யோ. நானும் அந்தப் பக்கம் ஏனாத்தூர்தான் சார். தெனம் அங்கேர்ந்துதான் வந்துக்கினு இருக்கேன். நீங்க சாஞ்சிக்கோங்க, எடுத்துக்கினு வர்றேன்."

ஐஸ் போட்டு ஒரு கண்ணாடி ஜாடி நிறையக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில், ஒற்றை ரோஜா நின்ற பூச்சாடி.

காலடியில் கைப்பை. அதற்குள், தர்ப்பையோடு துணியில் சுற்றி, எலுமிச்சம்பழ அளவில் ஒரு கருங்கல். செக்யூரிட்டியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "சாமி கல்லா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டான். அது அம்மா என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஒருவர் இறந்தால் கொல்லை மணலில் கல் ஊன்றுவார்கள். தீயில் வெந்த உயிர் பத்து நாள் அந்தக் கல்லில் தாகத்தோடு இருக்கும். மகன் தினமும் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். பத்தாம் நாள்தான் கல்லைப் பிடுங்கி நீர்நிலையில் சேர்ப்பது. ஸ்ரீவர்தனுக்குக் கிடைத்த லீவோ ஐந்து நாள். மீதி ஐந்து நாள் தண்ணீரையும் இன்று காலையே சேர்த்து விட்டுவிடலாம் என்று, காரியம் செய்துவைத்த பாச்சா வாத்தியார் அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

மொட்டையடித்துக் குளித்து, ஈர வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, இன்றைய பங்கை விட்டு முடித்தபோது ஆபீஸிலிருந்து செல்போன் அடித்தது. சொம்பை வைத்துவிட்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது, உள்ளேயிருந்து வாத்தியார் குரல் கொடுத்தார்: "ஆச்சா?"

"ஆச்சு ஸ்வாமி."

சொம்பில் மீதி ஐந்து நாள் தண்ணீர் அப்படியே இருந்தது. அவன் கல்லைப் பிடுங்கினான்.

தெருக்கோடிக் குளம் தண்ணீர் பார்த்து இரண்டு வருஷம். போகிற வழியில் செம்பரம்பாக்கத்தில் விட்டுவிடலாம் என்று பார்த்தால், கார் ஓட்டிய வீரபாகு சிரித்தான். "ஏரியில தண்ணி எங்க சார் இருக்குது? மாடு மேஞ்சிக்கினு இருக்குது பாருங்க." அதற்கு மேல் நிற்க நேரமில்லை. கல் பைக்குள்ளேயே இருந்துவிட்டது.

மடக்.

கண்ணைத் திறந்தான். சத்தம் மிகப் பக்கத்தில் கேட்டது. மடக். மடக். சொம்பைத் தூக்கி, உதட்டில் படாமல், அண்ணாந்து குடிப்பவர்களின் தொண்டைச் சத்தம். அம்மா ரமாமணி வாழ்நாள் முழுக்க அப்படித்தான் குடித்தாள்.

ஜாடி காலியாக இருந்தது. ஐஸ்கூட இல்லை. பூச்சாடியில் ரோஜா சருகாகித் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அறையில் காப்பி வாசனை போய், நனைந்த எள்ளின் வாசனை. மூலையில் பெரியவர் வறட்டு இருமலோடு விழித்து, தன் தம்ளரைப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே வெளியே போனார்.

ஸ்ரீவர்தன் காலடியில் இருந்த பையைப் பார்த்தான். இது தாகம். யாருடைய தாகம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம். ஒரு ஸ்பூன் தரலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். "ஒரு வாய் தீர்த்தம் குடுடா கண்ணா," என்றாள் அம்மா. அதற்கு மேல் பேச முடியாமல் கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினாள். அப்போதும் போன் அடித்தது. "ஒரு நிமிஷம் இரும்மா, இதோ தரேன்." வராந்தாவில் இருபது நிமிஷம் பேசிவிட்டு வந்தபோது அவள் வாய் திறந்தபடியே இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வாத்தியாரைப் போனில் கூப்பிட்டு, சொம்பு விஷயத்தை மட்டும் சொன்னான்.

"என்ன காரியம் பண்ணிட்டேள்!" என்றார் பாச்சா வாத்தியார். "உடனே திரும்பி வாங்கோ. இன்னும் அஞ்சு நாள் இருக்கு. மறுபடி ஊனிடலாம்."

"ஃப்ளைட்டுக்குக் கூப்பிடப் போறா ஸ்வாமி. இங்கேயே கையிலே வெச்சுண்டு விட்டுடட்டுமா?"

"கையிலே கூடாது! மண்ணுலதான் விடணும். மண்ணுதான் தாங்கும். கேக்கறேளா?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மறுபடி கார், மறுபடி அந்தப் புழுதி ரோடு, மறுபடி அம்மா இல்லாத அந்த வீடு. கூட்டத்துக்குப் போகாவிட்டால் வேலையும் போகும். நினைக்கவே அலுப்பாக இருந்தது. மூன்று மணி நேரமாக அந்தச் சோபாவை விட்டு எழ விடாத அலுப்பு. போனை அணைத்தான்.

ஏஞ்சலிடம் பாட்டில் தண்ணீர் கேட்டான். மூடி உடைக்காத ஒன்றே ஒன்று இருந்தது. "குழாயில கூட வரல சார், என்னான்னே தெரியல," என்று தன் காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டே கொடுத்துவிட்டு முன்பக்க மேசைக்குப் போனாள்.

துணியைப் பிரித்தான். கல் சுட்டது. இடது உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரை விட்டான். ஒரு துளி கீழே சிந்தவில்லை. விடவிட உள்ளே போனது. மடக். மடக். பாட்டில் முடிந்தது. சத்தம் முடியவில்லை.

விமானத்துக்கு அழைக்கும் குரல் எங்கோ ஒலித்தது.

"போதும்மா," என்றான். அழுகை வந்தது. "நான் போகணும். எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. எடுத்துண்டு என்னை விட்டுடு."

சத்தம் நின்றது.

பிறகு, மடக்.

உள்ளங்கை குளிர்ந்தது. உலர்ந்தது. தோல் சுருங்கி எலும்போடு ஒட்டியது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. கல்லை உதறினான். விரல்கள் திறக்கவில்லை. கண்ணில் நின்ற நீர் கன்னத்துக்கு வரவில்லை. கண்ணிலேயே வற்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏஞ்சல் எட்டிப் பார்த்தாள். "சார், போர்டிங் கூப்பிட்டாங்க. சார்? என்ன சார் ஆச்சு?"

வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. வலது கையைத் தூக்கினான். கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினான்.

"தண்ணியா சார்?"

தலையை ஆட்டினான்.

முன்பக்க மேசையில் போன் அடித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க சார், இதோ தரேன்," என்று சொல்லிவிட்டு ஏஞ்சல் போனாள். கண்ணாடிக் கதவு மெல்ல மூடிக்கொண்டது. சோபாவில் வாய் திறந்தபடி அவன் காத்திருக்க, மூடிய இடது கைக்குள் அம்மா குடித்துக்கொண்டிருந்தாள்.