வாசித்தவர் பெயர்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்குப் பக்கத்தில் மரப்படிகள் ஏறினால், மாடியில் அந்த ஒலிப்பதிவு அறை. 1986இல், மழைக்காலம் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மதியம் முதன்முதலாக அங்கே போனேன். பையில் என் கணவர் எழுதிய நாவலும் மூக்குக் கண்ணாடியும் மட்டும்.

இதை வாயால் சொல்ல எனக்கு வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைக் கேசட்டில் பதிந்து இரவல் கொடுக்கும் சின்ன நூலகம் அது. பதிவு செய்பவர் விஜயன். நாற்பது வயதுக்காரர், வார நாட்களில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆப்பரேட்டர். அவருக்கும் பார்வை கிடையாது.

“வாங்க, வாங்க. ஃபேன் போட முடியாது, சத்தம் விழுந்துரும். டிரெயின் வந்தா நான் நிறுத்திடுவேன். போனதும் அந்த வரிய மறுபடி முதல்லேருந்து படிங்க, அவ்வளவுதான் லா.”

ஜன்னல் மேல் பழைய மெத்தையை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். உள்ளே வெக்கை. மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி இருந்தது. விஜயன் சுவரைத் தடவிக்கொண்டே போய் இன்னொன்றை இழுத்து வந்து பக்கத்தில் போட்டார். பை வைக்கத்தான் என்று நினைத்து என் பையை அதில் வைத்தேன். குடிக்கவும் இரண்டு கிளாஸ் தே ஓ, பால் விடாத தேநீர், வந்தது. நல்ல உபசரிப்புதான் என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘தீவுக்குப் போனவள்’ என்று பெயர். என் கணவர் சண்முகரத்தினம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் ஓர் அச்சகத்தில் சொந்தக் காசில் அடித்தார். லோரியில் வந்து இறங்கிய கட்டுகளில் பாதி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன. ஒரு கட்டின் மேல் எங்கள் டி.வி. உட்கார்ந்திருக்கிறது.

கேரி தீவுத் தோட்டத்து மருந்தகத்துக்குப் படகில் வேலைக்குப் போகும் புஷ்பவல்லி என்ற நர்ஸ். அவளை விரும்பும் ஒரு ரயில்வே இளைஞன். ஒரு மழை நாளில் படகு கவிழ்கிறது, அவளை ஆறு கொண்டுபோகிறது. இது அவர் கற்பனை செய்ததல்ல. அவளுடைய உண்மைப் பெயர் மார்க்கிரட். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை என்னிடம் அந்தப் பெயரைச் சொன்னார். நான் யாரிடமும் சொன்னதில்லை. நாவலில் பெயரை மட்டும் மாற்றினார், மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே. அந்த இளைஞனுக்குப் பிற்பாடு ஒரு மனைவி வாய்த்தாள் என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது.

பிறகு எதற்காக அதை வாசிக்கப் போனாய் என்று கேட்பீர்கள்.

கேசட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்பது அந்த நூலகத்தின் முறை. புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், வாசித்தவர் பெயர். அவர் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வரும். அவருடைய புத்தகத்தில் எனக்குக் கிடைக்கக்கூடிய ஒரே இடம் அது. அவர் இறந்துபோனபோது எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். அதற்கப்புறம் ‘இது எனக்கு வேண்டும்’ என்று நான் நினைத்தது இந்த ஒன்றைத்தான்.

“தீவுக்குப் போனவள். எழுதியவர் சண்முகரத்தினம். வாசிப்பவர் புனிதவதி சண்முகரத்தினம்.”

அன்று அந்தப் பெயரைச் சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. பிறகு அதுவும் அடங்கிவிட்டது.

சனிக்கிழமைகள் போயின. மழை பெய்தால் மெத்தைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். புஷ்பவல்லி பேசும் இடங்கள் வந்தால் என் நினைப்பு எங்கோ போய்விடும். திரும்பி வரும்போது பக்கம் புரட்டப்பட்டிருக்கும், தொண்டை வலிக்கும். என்ன படித்தேன் என்று சுத்தமாக நினைவிருக்காது. மனம் மரத்துக் கிடந்தவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அறையில் சில நேரம் டெட்டால் வாடையும் அதற்கு அடியில் சேற்று வாடையும் வரும். கீழே கடைக்காரர் தரை கழுவுகிறார் போலும் என்று இருந்துவிட்டேன்.

வெளியே வரும்போது இரண்டு கிளாஸும் காலியாக இருக்கும். மற்றதை விஜயன்தான் குடித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

செராஸில் இருக்கும் என் மகன் சிவா ஒரு நாள் போனில் கேட்டான்.

“அம்மா, தொண்டை கட்டிருச்சா? வேற யாரோ பேசற மாதிரி இருக்கு.”

“வாசிச்சு வாசிச்சு இப்படி ஆயிருச்சு.”

“சுடுதண்ணி குடிங்கம்மா. டேக் கேர் லா.”

கடைசிச் சனிக்கிழமை, படகு கவிழும் அத்தியாயம். அன்றைக்கு அந்தப் பக்கங்கள் நமுத்திருந்தன, விரலில் ஒட்டின. படித்து முடித்துவிட்டு, “வாசித்தவர் புனிதவதி சண்முகரத்தினம்” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். விஜயன் பொத்தானை அமுக்கினார்.

“நல்லா முடிஞ்சிருச்சு ஆன்டி. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சதுதான் அழகே. அக்காவுக்கும் பெரிய தேங்க்ஸ்.”

“எந்த அக்கா?”

“உங்ககூட வர்றாங்களே.”

நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். என் பை மட்டும்தான் இருந்தது. ஆனால் அது நாற்காலியின் ஓரத்தில், விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரோ உட்கார இடம் விட்டதுபோல.

“விஜயன், நான் தனியாத்தான் வரேன்.”

“சும்மா விளையாடாதீங்க ஆன்டி.” அவர் சிரித்தார். “மொத நாளே ரெண்டு பேர் படியேறி வர்றது கேட்டுத்தானே இன்னொரு நாற்காலி போட்டேன். நீங்க கதையப் படிக்கிறீங்க, அவங்க அந்தப் பொண்ணு பேசறதப் படிக்கிறாங்க. பேருகூடச் சொன்னாங்களே. மார்க்கிரட் அக்கா.”

என்னைத் தவிர அந்தப் பெயர் தெரிந்த ஒரே மனிதரை நாங்கள் செராஸ் மின்சுடலையில் எரித்துவிட்டோம்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“போட்டுக் காட்டுங்க.”

முதல் கேசட்டைப் போட்டார். கதை என் குரலில் ஓடியது. புஷ்பவல்லி வாய் திறந்ததும் வேறொரு பெண் பேசினாள். இளம் பெண். இனிமையான குரல், வார்த்தைகளுக்கு நடுவே நீர் குடிப்பதுபோல ஒரு சின்ன இழுப்பு. மூன்றாவது கேசட்டில் கதையின் சில வரிகளையும் அவளே படித்தாள். கடைசிக் கேசட்டில் நான் எங்குமே இல்லை.

“தீவுக்குப் போனவள் முற்றும். எழுதியவர் சண்முகரத்தினம்.”

ஒரு மூச்சு.

“வாசித்தவர் மார்க்கிரட்.”

“அத அழிங்க,” என்றேன். “அந்த ஒரு வரிய மட்டுமாவது அழிங்க. நான் மறுபடி சொல்றேன்.”

அவர் பின்னால் ஓட்டி, மீண்டும் பதிவு செய்தார். நான் மைக்கில் வாயை ஒட்டி வைத்து என் பெயரைச் சொன்னேன். போட்டுக் கேட்டோம். வாசித்தவர் மார்க்கிரட். மறுபடி சொன்னேன். கத்தினேன். நாடாவில் அவள் கத்தவில்லை. பொறுமையாக, ஒவ்வொரு தடவையும் இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

“விடுங்க ஆன்டி, பேர்ல என்ன இருக்கு?” என்றார் விஜயன் சங்கடத்தோடு. “முதல் கேசட்ட வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் அந்தக் குரலத்தான் கேக்கறாங்க. அடுத்த புக்கயும் அக்காவே படிக்கட்டும்னு சொல்றாங்க.”

என் கணவருடைய காதல் அவளுக்கு. புத்தகம் அவளுக்கு. எனக்கென்று நான் கேட்டது அந்த ஒரு வரி. அதை நினைத்தபோது, அவர் போனதற்கு வராத அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அங்கே வேறு யாரோ இருந்தார்கள்.

படியிறங்கும்போது என் காலடிக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்கிறதா என்று கவனித்தேன்.

கேட்கவில்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். டெலிபோன் அடித்தது. எடுத்து, “ஹலோ” என்றேன்.

மறுமுனையில் சிவா.

“ஹலோ… ஆன்டி, நான் சிவா பேசறேன், புனிதவதியோட மகன். அம்மாவக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?”

நான்தான்டா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“அம்மா இல்லப்பா,” என்றது என் வாய், இனிமையாக. “தீவுக்குப் போயிருக்காங்க.”