பரிசலின் எதிர்ப்பக்கம்

பரிசல் சாயவில்லை.

பொன்னாத்தாள் அதைக் கவனிப்பதற்குள் பாதி வலையை எடுத்துவிட்டிருந்தாள். விடிந்தும் விடியாத மார்கழி வெளிச்சம். ஆற்றின் மேல் பனி கெட்டியாக இறங்கி, கரையையும் காட்டவில்லை, கொடுமுடிக் கோயில் கோபுரத்தையும் காட்டவில்லை. ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும் எங்கோ போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. ஜிலேபி மீன்களை வலையிலிருந்து கழற்றிக் காலடியில் போட்டுக்கொண்டே வந்தவள், விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து ஒரு பெரிய கட்லாவை இரண்டு கையாலும் தூக்கினாள். அப்படித் தூக்கினால் அவள் பக்கம் தாழ்ந்து ஒரு குடம் தண்ணீராவது உள்ளே வரவேண்டும். சொட்டுக்கூட வரவில்லை.

எதிர்ப்பக்கம் பாரத்துக்கு வைக்கும் கல் இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தாள். கல் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் பரிசலைக் கரையில் கவிழ்த்தபோது எடுத்து வேப்பமரத்தடியில் வைத்த கல். காலையில் பரிசலை நிமிர்த்தினாள், துடுப்பை எடுத்தாள், கல்லை மட்டும் மறந்து தொலைத்திருக்கிறாள். புத்தியைக் கொண்டுபோய் எங்கே வைத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டும்போதே உறைத்தது. கல் கரையில் இருக்கிறதென்றால், எதிர்ப்பக்கத்தை அழுத்திக்கொண்டிருப்பது எது?

பரிசல் இரண்டு பேர் தொழில். ஒருவர் குனிந்து வலை இழுத்தால், இன்னொருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பின்னால் சாய்ந்து கொடுக்கவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சென்னியப்பன் இழுத்தான், அவள் எதிரே உட்கார்ந்தாள். ஐப்பசி வெள்ளத்தில் அவன் தனியாகப் போன ஒரே ஒரு நாள், பரிசல் மட்டும் கதவணைப் பக்கம் ஒதுங்கியது. ஆள் கிடைக்கவில்லை. ஆற்றில் போனவரின் உடம்பு கிடைக்கும்வரை அந்த இடத்தில் யாரும் வலை விடமாட்டார்கள். மீனவர் சங்கத் தலைவர் கதிரேசன் அதைச் சொல்ல வீட்டுக்கே வந்தார்.

"ஆறு ஆளைக் குடுக்கற வரைக்கும் வலை உடக்கூடாது அம்மணி. அப்பறமும் ஒத்தப் பொம்பளை எப்படி எடுப்பே? இடத்தை வேற ஆளுக்கு உட்டுப்போடலாம்."

"ஆறு குடுக்கலைன்னா நானே எடுத்துக்கறனுங்க. பாரத்துக்குக் கல்லு இருக்குதுங்க. என்ற இடத்துல இன்னொருத்தர் வலை கண்டேன்னா, அறுத்துப்போடுவேன்."

கதிரேசன் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு நாள் வலையை எடுக்க முடியாமல் வந்தாலும் இடம் போயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடம்தான் வீட்டுச் சோறு. மகள் கயல்விழி ஈரோட்டில் நர்சிங் படிப்பதும் அந்த மீனில்தான். போகவிடுவாளா? அன்றிலிருந்து கல்லைத் துணைக்கு வைத்துக்கொண்டு வருகிறாள். இன்றைக்கு அந்தக் கல்லும் இல்லை.

மெதுவாகப் பரிசலின் நடுவுக்கு நகர்ந்தாள். எதிர்ப்பக்கம் கீழே போனது. அவள் திரும்ப விளிம்புக்கு வந்தாள். நேரானது.

பாசி வாடை வந்தது. ஆற்றின் மேல்மட்டத்து வாடை அல்ல. அடியில் துடுப்பைக் குத்திச் சேற்றைக் கிளறினால் வருமே, அது. கல் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக ஈரம், அதிலிருந்து தண்ணீர் ஓடிவந்து அவள் பாதத்தைத் தொட்டது. கரைக்குப் போய்விடு என்றது மனசு. வலையைப் பாதியில் விட்டுப் போனால் கதிரேசன் ஜெயித்துவிடுவார்.

"மாமா?" என்றாள்.

பயம் மெல்ல வேறொன்றாக மாறியது.

"வந்ததுதான் வந்தீங்க, ஒழுங்கா உக்காருங்க. நான் இழுக்கறேன்."

இழுத்தாள். இழுத்த அதே நேரம் எதிர்ப்பக்கம் பின்னால் சாய்ந்து கொடுத்தது. அடுத்த இழுப்புக்கும் கொடுத்தது. தொழில் தெரிந்த சாய்வு. பொன்னாத்தாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சென்னியப்பன் அந்தப் பக்கம் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது; அதை ஓரமாகத் தள்ளினாள்.

ஆடிப்பெருக்குக்குக் குளிக்க வந்து முங்கிப் போனவர்களைத் தேடத் தீயணைப்புக்காரர்கள் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நிறையப் பேரை எடுத்துக் கொடுத்திருக்கிறான். கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களைத் தேடிவிட்டு வந்த ராத்திரிகளில் சாப்பிடமாட்டான்.

வலை கனத்தது. மீன் கனம் அல்ல, துள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். மிதவைக்குக் கட்டிய பாட்டில்கள் முழுகி எழுந்தன. கட்டம் போட்ட சட்டை. அரைஞாண் கயிறு. கயிற்றில் வீட்டுச் சாவி.

அவள் கட்டிவிட்ட முடிச்சு.

முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டாள். சத்தமே வராமல் அழுதாள். பிறகு அழுகை நின்றது.

மாமா இங்கே இருக்கிறார்.

அப்படியானால் அங்கே?

திரும்பவில்லை. இடுப்பில் கத்தி இருந்தது. வலையை அறுத்தால் பரிசல் லேசாகும், ஓடிவிடலாம். மாமா போய்விடுவார். இடமும் போகும். கை கத்தியைத் தொட்டது. உருவியும் விட்டது.

"அறுக்கமாட்டேன்," என்று கத்தியைத் திரும்பச் செருகினாள்.

அவனை விளிம்புக்கு மேல் இழுத்து உள்ளே போட்டாள், அவள் பக்கமே. இப்போது சாயவேண்டும். இரண்டு பேர் கனம்.

சாயவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு தடவை அமிழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். இன்னொரு தடவை. வளையல் விளிம்பில் உரசியது. இன்னொரு தடவை, லேசாக. அது சின்னது. குழந்தை.

தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்துவிட்டது.

"மாமா தேடிக் கெடைக்காதவங்க எத்தனை பேரு வேணா உக்காருங்க," என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "கரை வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். ஆனாப் பரிசல் என்னுது. இவரு என்ற மாமா. இவரை மட்டும் கேக்காதீங்க."

துடுப்பு போட்டாள். பின்னங்கழுத்தில் ஈர மூச்சு. போட்டாள். தோளில் தண்ணீர் சொட்டியது. போட்டாள்.

பனி விலகிப் படித்துறை தெரிந்தது. தினமும் மீன் எடுக்க வரும் உமர் பாரூக் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தார். கை தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏனுங்க அக்கா," என்றார். "யாருங்க அத்தனை பேரு?"

பரிசல் மணலில் தட்டியது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது. அவள் புருஷனை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாய், கதிரேசன் அண்ணன்கிட்டச் சொல்லிப்போடுங்க. ஆறு குடுக்கலை. நானே எடுத்துட்டேன்."

உமர் பாரூக் அவளைப் பார்க்கவில்லை. அவர் நின்ற படியின் இரண்டு பக்கமும் சேற்றுக் கால்தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, பெரியதும் சின்னதுமாக, ஊரைப் பார்த்து மேலே ஏறிக்கொண்டிருந்தன.