ஏழாம் கட்டில், இயங்குகிறது

அன்று மதியம் மருத்துவமனையின் அடித்தளத்துக்கு நான் இறங்கி வந்தபோது எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. சர்வர் அறையின் குளிர், மின்விசிறிகளின் ஓயாத இரைச்சல், கறுப்புத் திரை. மூன்றாம் மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் ஏழாம் கட்டிலில் என் தங்கை படுத்திருந்தாள். பார்வை நேரம் முடிந்து என்னை அப்போதுதான் வெளியே அனுப்பியிருந்தார்கள்.

"போண்ணே. நீ கம்ப்யூட்டருக்கு வாக்கப்பட்டவன். அது உன்னைத் தேடும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அந்த நிலையிலும் கிண்டல்.

கீழே இருந்தபடியே அவளைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஒரு வழி இருந்தது. எங்கள் கணினிப் பிரிவின் மூத்தவர் சாவிக்காரர் எழுதிய சின்ன நிரல் அது. எல்லாக் கடவுச்சொல்லும் அவர் மண்டைக்குள்ளேயே இருந்ததால் அந்தப் பட்டப்பெயர். 'நலமா' என்று தட்டினால் போதும். கட்டடத்தில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வரியில் பதில் சொல்லும்: தன் பெயர், இயங்குகிறதா, உள்ளே நுழைந்திருப்பவர் யார். கட்டிலோரத்து மானிட்டர் என்றால் நாடித்துடிப்பும் வரும்.

தட்டினேன். ஏழாம் கட்டில், இயங்குகிறது, 72.

சாவிக்காரர் போன வருடம் இதே நாற்காலியில், வாயில் இருமல் மிட்டாயோடு, விசைப்பலகையில் தலை சாய்த்துச் செத்துப்போனார். அவருடைய லாகினை மட்டும் நாங்கள் அழிக்கவில்லை. பாதி வேலைகள் அவர் பெயரில்தான் ஓடின. எந்தப் பாதி என்று எங்களுக்கே தெரியாது. ஓடுகிற வண்டியில் கை வைப்பானேன் என்று விட்டிருந்தோம்.

போன் அடித்தது. மேனேஜர்.

"நாளைக்கு ஆடிட் வருது. செத்தவரோட லாகின் இன்னும் இருக்கு. மானத்த வாங்காதீங்க, உடனே தூக்கிடுங்க."

என் மனசு மூன்றாம் மாடியில் இருந்தது. யோசிக்காமல் தூக்கிவிட்டேன்.

மறுபடி 'நலமா' தட்டினேன். வரிகள் ஒவ்வொன்றாக மாறின. பதில் இல்லை. பதில் இல்லை. ஏழாம் கட்டில், பதில் இல்லை.

மானிட்டர்கள் அதது இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவர் லாகின் போனதால் அபாய மணி நர்ஸ் மேசைக்குப் போகாது. பன்னிரண்டு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ். உள் போனும் அதே இணைப்பு, அதுவும் போய்விட்டது. நான் மாடிக்கு ஓடியிருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு நிமிடம் இருபது ஆனது. அவர் பெயரில் புது லாகின் போட்டுப் பார்த்தேன். ஏற்கவில்லை. தெரிந்த வித்தை எல்லாம் தீர்ந்தது.

வெட்கத்தை விட்டு வாய்விட்டுக் கெஞ்சினேன். "அண்ணே, உங்க காலப் புடிச்சிக்கிறேன். ஏழாம் கட்டில் மட்டும் இந்த லிஸ்ட்ட விட்டுப் போயிடக் கூடாது."

மின்விசிறிகள் நின்றன.

இருமல் மிட்டாய் வாசனை அடித்தது.

என் கைகள் மடியில் இருந்தன. விசைகள் ஒவ்வொன்றாகத் தாமே அமுங்கின. அவர் தட்டுகிற அதே நிதானம்.

நலமா.

வரிகள் மளமளவென்று நிரம்பின. முதல் வரி: ஏழாம் கட்டில், இயங்குகிறது, 72. உள்ளே நுழைந்திருப்பவர், சாவிக்காரர்.

எழுந்து, அந்த வெறும் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டேன். அழுதுகொண்டே மூன்று மாடியும் ஓடினேன்.

வாசலிலேயே நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சார் போயிட்டீங்க? மணி அடிக்கவே இல்ல. நாங்க கவனிச்சுப் போறதுக்குள்ள… உயிர் போயி கால் மணி நேரம் ஆச்சு சார். மெஷினக்கூட ஆஃப் பண்ணிட்டோம்."

அவர் தோளுக்குப் பின்னால் மேசைத் திரை தெரிந்தது. ஏழாம் கட்டிலின் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. 72.

நாற்பது நாள் ஆகிறது. அந்த மானிட்டரைக் கழற்றிப் பழைய சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். பட்டியலில் அந்த வரி மட்டும் போகவில்லை. அழிக்கச் சொல்லி மேனேஜர் தினமும் கத்துகிறார். அவளை இன்னொரு முறை கொல்ல என் கை வராது.

நேற்று மதியம் நான் எதையும் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். 'நலமா' என்ற எழுத்துகள் அவசர அவசரமாகத் திரையில் விழுந்தன. அது சாவிக்காரரின் வேகமில்லை.

பதிலாக ஒரே ஒரு வரி வந்தது.

அண்ணே, இயங்குகிறது, 118. உள்ளே நுழைந்திருப்பவர், ஏழாம் கட்டில்.

என் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். நூற்றுப்பதினெட்டுதான்.