மோவாய் மட்டும் மிச்சம்

ஜன்னல் திட்டில் தாளில் மடித்து வைத்திருந்த தோலைக் காணவில்லை.

அருள்மொழி தாளை விரித்துப் பார்த்தாள். காலையில் நெற்றியிலிருந்து உதிர்ந்தவை, வெங்காயச் சருகு போலப் பழுப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை, ஒரு துணுக்குகூட இல்லை. எறும்பு என்றால் பொடியாவது மிஞ்சியிருக்கும். தாளில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது, நாள்பட்ட தேங்காயெண்ணெயின் சிக்கு வாடையோடு.

சிதம்பரத்துத் தோல் டாக்டர் அவள் முகத்தில் மருந்து தடவி நான்கு நாளாகிறது. பருத் தழும்பும் கரும்புள்ளியும் மேல்தோலோடு போய்விடும், தானாக உரியட்டும், பிய்க்கக் கூடாது என்று சொல்லிக் கடலூருக்கு அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காட்டுமன்னார்கோயில்காரர்கள் மறுபடி வருகிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா அவள் கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, "போட்டோவுல இதெல்லாம் இல்லியே" என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் எழுந்துகொண்டாள். முகம் தெளிந்தால் தட்டு மாற்றலாம் என்று பிறகு தகவல் வந்தது. அது ஆறாவது வரன்.

"அண்ணி, இங்க வச்சிருந்தது எங்க?"

அண்ணி பொன்னி அடுப்படியிலிருந்து வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "எது, பாம்பாட்டம் நீ உரிச்சுப் போட்ட சட்டையா? முடிக்காரி எடுத்துக்கிட்டா."

தலை வாரும்போது உதிரும் முடியைப் பொன்னி சுருட்டி, பாலிதீன் பையில் போட்டு அதே ஜன்னல் கம்பியில் மாட்டிவைப்பாள். மாதத்துக்கு ஒருதரம் முடிக்காரி தெருவில் கூவிக்கொண்டு வந்து, முடியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுப்பாள்.

"தோலையா?"

"அவளேதான் கேட்டா. வீட்டப் பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடியுது, எடுத்துக்கோன்னேன். எவர்சில்வர் டம்ளர் குடுத்தா பாரு! மூணு மாச முடிக்கு ஒரு டீக்கரண்டிதான் குடுப்பா. உன் மொகத்துக்கு வெளியில அவ்ளோ மவுசு."

சண்டைக்குக் கிளம்பிய அருள்மொழி வழியில் கண்ணாடியைப் பார்த்தாள். நெற்றி இளஞ்சிவப்பாக, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. சண்டை மறந்துபோயிற்று.

மாதத்துக்கு ஒருதரம் வருகிறவள் மறுநாளே வந்தாள். மதியம் இரண்டு மணி, கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்றதும் அதுவரை கேட்காத ஓசைகளெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன: தொட்டியில் சொட்டும் தண்ணீர், அம்மாவின் மெல்லிய குறட்டை, கொல்லையில் வடகத்தைக் கொத்தும் காக்கை. அவற்றுக்கு நடுவில், செருப்பில்லாத பாதங்கள் சூடான மண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் நின்றன. கூவவில்லை. இடது கன்னத்தின் தோல் அப்போதுதான் தலையணையில் உதிர்ந்து கிடந்தது. அருள்மொழி பாத்ரூம் போய்த் திரும்புவதற்குள் தலையணை சுத்தமாகியிருந்தது. பொன்னி ஒரு புதுக் கிண்ணத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வலது கன்னம், மூக்கு. ஒரு தூக்குவாளி.

அம்மா தில்லையம்மாள் அவளுடைய புதுக் கன்னத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். "இந்த மொகத்த எவ வேணாங்கறான்னு பாக்குறேன்." ஆனால் அன்று மாலை அம்மா மூன்று தடவை அவளைக் கடந்து போனாள், மூன்று தடவையும், வெளியாள் யாரோ உட்கார்ந்திருப்பது போல, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணன் ராஜ்கமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"யாரு வந்துருக்காங்க?" என்றான். பிறகு சிரித்தான். "அட, நீயா! அடையாளமே தெரியலடி."

சிரித்தபிறகும் அவன் உள்ளே வரச் சிறிது நேரமானது.

சனிக்கிழமை மோவாய் மட்டும் மிச்சம். பத்தாவது படிக்கும்போது அவளே நசுக்கிய பருவின் குழி அதில்தான் இருந்தது. ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு, மீதி விடாமல் பிடித்திருந்தது. அதை விரலால் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஏன் என்று தெரியவில்லை. அது இருக்கட்டும் என்று தோன்றியது.

இரண்டு மணி. விசிறி நின்றது. அவள் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

பாதங்கள் வந்தன. நின்றன. சிக்கெண்ணெய் வாடை. கதவை ஒரு நகம் மேலிருந்து கீழாகக் கீறியது.

"தொற அருளு," என்றாள் பொன்னி பின்னாலிருந்து. "இதுக்கு குக்கரே தரேன்னுருக்கா."

"வேணாம் அண்ணி. தானா உரியட்டும்."

"நாளைக்கு வராங்க. தாடி மாதிரி தொங்கவுட்டுக்கிட்டு நிப்பியா?"

பொன்னியே திறந்தாள்.

வெளியே தலையில் முக்காட்டோடு ஒருத்தி. அவள் முக்காட்டை இறக்கினாள்.

நெற்றியில், இடது புருவத்துக்கு மேல், அவரை விதை அளவுக்குக் கரும்புள்ளி. கன்னத்தில் வரிசையாக மூன்று குழி. மூக்கின் ஓரத்தில் பழைய வடு. பத்து வருடமாகத் தினம் காலையில் கண்ணாடியில் பார்த்தவை. எல்லாம் அதனதன் இடத்தில். மோவாயில் மட்டும் தோல் இல்லை. ஈரமான சிவப்பு.

"அம்மா! இங்க வந்து பாரேன்!"

அம்மா வந்தாள். இரண்டு கைகளாலும் அருள்மொழியின் தோளைப் பிடித்து ஜன்னலோடு அழுத்தினாள்.

"பாத்துட்டேன். ஆடாத. ஒரு நிமிஷந்தான்."

கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது. நகம் ஓரத்தைத் தேடியது. பிடித்தது.

வலிக்கவில்லை. புதுப் பாத்திரத்திலிருந்து ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம் மட்டும்.

வெளியே நின்றவள் அதைத் தன் மோவாயில் வைத்தாள். கட்டைவிரலால் நீவினாள். ஓரங்கள் சேர்ந்தன. உதடுகள் பிரிந்தன.

"அம்மா."

அருள்மொழியின் குரல்.

தோளை அழுத்திய கைகள் விலகின.

"பாப்பா!" தில்லையம்மாள் வாசலுக்கு ஓடினாள். "வெளிய ஏன் நிக்குற? உள்ள வா."

அருள்மொழி கத்தினாள். வாய்தான் திறந்தது.

வாசல் தாழ்ப்பாள் விலகியது. வாசல் வெளிச்சத்தில் அம்மா அந்த முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு தழும்பாக முத்தமிட்டாள்.