கோமகனின் மருமகன்

மார்ச் 12, வியாழன்.

நேற்றைய பக்கத்தில், ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் வரும் கோமகன் ஆர்னோ இறந்த ஆண்டை 1231 என்று எழுதிவிட்டேன். 1213 என்பதே சரி, திருத்திவிட்டேன். இன்று நடந்ததையாவது வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன்.

மாலை வகுப்பு முடிந்து, கீழே கடையில் சிகப்பி அக்காவும் நானும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஈப்போவில் வழக்கறிஞர். வாரிசு வழக்குகள் பார்ப்பவர். வரலாறு படிப்பது ஆசைக்காக. அப்போது துளசி படியிறங்கி வந்தாள். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். இந்த வகுப்பின் சான்றிதழ் கிடைத்தால் பாலர்பள்ளியில் ஆசிரியை ஆகலாம்.

"அக்கா, சார் என் கட்டுரைக்கு மார்க்கே இல்லைங்கிறாரு. வயிரவனப் பாத்து எழுதிட்டேனாம். சான்றிதழ் போச்சு. நம்ம தர்மா பாடத்தத் தமிழ்ல சொல்லிக் குழுவுல அனுப்புன குரல்பதிவக் கேட்டு நானா எழுதுனதுலா."

"உக்காரு. சாருக்கு என்ன ஆதாரம்?"

"கோமகனோட மக. ரெண்டு பேரும் அவளப் பத்தி எழுதியிருக்கோம். ஆங்கிலப் பாடத்துல அவருக்குப் புள்ளையே கிடையாதாம்."

"அப்படின்னா வயிரவன்தான் இவளப் பாத்து எழுதியிருப்பான்" என்றேன்.

"அவன் கட்டுரை போன வாரமே வந்துருச்சு, தர்மா. தே ஆறுது, குடி." அக்கா துளசி பக்கம் திரும்பினார். "ஆர்னோவுக்கு அப்புறம் கோட்டை யாருக்குப் போச்சுன்னு எழுதுன?"

"மருமகன் ரோபேருக்கு. வீட்டோட மாப்பிள்ளையா இருந்தாரு, அதனால."

அக்கா எழுந்து மாடிக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். ராமகிருஷ்ணன் சாரும் வயிரவனும் வகுப்பறையில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வயிரவா, கோட்டை ரோபேருக்கு எப்படிப் போச்சு?"

"மகளுக்குச் சீரா எழுதி வச்சாரு ஆச்சி. நம்ம செட்டியார் வீடுகள்ல மருமகனுக்கு நேரா சொத்துப் போகாதே. ஒரு காரணம் வேணும்ல, நானே போட்டேன்."

அக்கா சாரைப் பார்த்தார். "பாத்து எழுதுறவங்க காரணத்தையும் சேத்துத்தான் எழுதுவாங்க, சார். இங்க மக ஒருத்தி, காரணம் ரெண்டு. அவங்கவங்க வீட்டுலேருந்து எடுத்துப் போட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா கிடைச்சது ஒரே ஒரு சொல்லு. மருமகன். வயிரவா, பாடத்த நீ எதுல கேட்ட?"

"தர்மா குரல்பதிவுல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்? ரோபேர் அவரு தங்கச்சி மகன். எங்க அக்கா மகன நான் மருமகன்னுதான் கூப்பிடுவேன்."

"எல்லாரும் அப்படித்தான்டா. தங்கச்சி மகனும் மருமகன், மக புருஷனும் மருமகன். மருமகன்னு காதுல விழுந்தா, கோமகனுக்கு மக இல்லாட்டி நாமளே ஒண்ணப் பெத்துக் கொடுத்துருவோம். புள்ள இல்லாதவருன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. அது தேவையில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

"நல்லவேளை, தம்பி மகனா இல்ல. இவன் மகன்னே சொல்லியிருப்பான்" என்றார் அக்கா.

சார் சிரித்துவிட்டார். துளசியின் தாளை எடுத்து, தான் எழுதியிருந்த குறிப்பை அவள் முன்னாலேயே அடித்தார். "மன்னிச்சிரும்மா. ஆனா இல்லாத மக இல்லாதவதான். ரெண்டு பேரும் அந்தப் பகுதிய மட்டும் திருத்தி, சனிக்கிழமை கொடுங்க."

இறங்கும்போது துளசியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல, விடு. அந்தப் பொண்ணத்தான் நெனச்சாப் பாவமா இருக்கு. கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்துட்டேன்" என்றாள்.

நாளை: துளசி வேலைக்குக் கிளம்புமுன் குழுவில் புதிய குரல்பதிவு அனுப்ப வேண்டும். 'ஆர்னோவுக்குப் பிள்ளை இல்லை. ரோபேர் அவருடைய தங்கை மகன்.'